தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

டிக்கோயாவிலிருந்து:

தைப்பொங்கலன்று அக்கா வீட்டில் நடந்தது இது. மகளுக்கு 6 வயது. 3 மாதக் குழந்தையாக எங்களிடம் வந்தவள். தத்தெடுப்புக்கான நீதிமன்றக் கட்டளை எல்லாம் முறையாக எடுத்தாயிற்று. அவளிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

வீட்டு முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் சின்னவன் அடம்பிடிக்க, அத்தான் வழக்கம்போல, "உன்னயத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம், திருப்பிக் குடுத்திருவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அப்புறம் முந்திரிப்பருப்பை இலையின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே, "அம்மா, என்னய எதுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அங்கிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான் "சாப்பிடும்மா" என்றேன், அவ்வளவுதான். 18 வயதாகட்டும், அப்போது சொல்லலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

மஸ்கெலியாவிலிருந்து:

அக்கா, 18 வரை காத்திருக்காதீர்கள். எனக்கு 16 வயதில் ஒரு காகிதம்தான் சொன்னது. அடையாள அட்டைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆபீசில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, என் பெயருக்கு முன்னால் நான் போட்டிருந்த முதலெழுத்தைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். "தகப்பன் பேரு இதுதானே தம்பி?" என்றார். அது என் சித்தப்பாவின் பெயர்.

என்னைத் தத்தெடுத்ததாக எங்கும் பதியவில்லை. தன் அக்காவுக்குப் பிள்ளையில்லை என்று சித்தி என்னைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற என் கூட்டாளிக்கும் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா என்று நான் கூப்பிடுகிறவரை இன்றுவரை அந்த ஒன்றுக்காக என்னால் மன்னிக்க முடியவில்லை.

பண்டாரவளையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

தம்பி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளை போய்விடும் என்ற பயம் பெற்றவளைவிட வளர்த்தவளுக்குத்தான் அதிகம்.

ஒரு தடவை நெதர்லாந்திலிருந்து ஒரு பெண் எங்கள் பக்கத் தோட்டத்துக்கு வந்தார். கையில் ஒரு தாயின் பெயர் எழுதிய தாள். அப்படி ஒருவர் அங்கே இருந்ததேயில்லை. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்தாகப் போன பிள்ளைகள் ஏறக்குறைய 11,000 பேர். பலருடைய தாள்கள் பொய். தேடிப் பார்க்கக்கூட அவர்களுக்கு வழியில்லை.

டிக்கோயா மகளே, உங்களிடம் உண்மையான தாள் இருக்கிறது. அதைப் பத்திரமாக வையுங்கள். 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி தத்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பதிவேடே இருக்கிறது, என்றைக்காவது அவள் பார்ப்பாள். இன்றே சொல்லத் தொடங்குங்கள். ஒரே நாளில் சொல்லி முடிக்கிற விசயமில்லை இது. குளிப்பாட்டும்போது கொஞ்சம், தலைசீவும்போது கொஞ்சம். "கடவுள் கொடுத்தார்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், பெற்றவள் ஒருத்தி உண்டு என்று சொல்லுங்கள். அவளை ஏழை, பாவம், கெட்டவள் என்று எந்தப் பெயரும் வைத்துப் பேசாதீர்கள். சொந்தக்காரர்களிடம் முதலில் நீங்கள் பேசிவிடுங்கள்.

தவிட்டுக் கதையையும் சொல்லுங்கள். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை அயலாரிடம் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். எப்படியாவது பிழைக்கட்டும் என்ற தவிப்பில் வந்த வழக்கம் அது.

மீண்டும் டிக்கோயாவிலிருந்து:

நேற்று இரவு சொன்னேன். வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தார். நல்ல மழை, மூவரும் ஒரே கம்பளிக்குள் இருந்தோம். வயிற்றில் சுமந்த அம்மா வேறொருவர், நாங்கள் ஆசையாகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அவங்க வீட்டுலயும் குளிருமா?" என்று கேட்டாள். குளிரும் என்று நினைக்கிறேன் என்றேன். "கம்பளி இருக்குமா?" என்றாள். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அத்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவரிடம் பேச வேண்டும்.