5 சதவீத ஆல்கஹால் நினைத்த பியர் 4கூட எட்டவில்லை, தேற்ற வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. மெல்போர்னில் வீட்டிலேயே 20 லிட்டர் பேல் ஏல் வகை பியர் போட்டிருக்கிறேன். ஈஸ்ட் போடும் முன் ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அடர்த்தியை வைத்துக் காட்டும் கருவி) 1.052 காட்டியிருக்க வேண்டும், 1.040தான் காட்டியது. மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) பெரிய நொய்யாக உடைத்துவிட்டேன், அதில்தான் சர்க்கரை முழுசாக இறங்கவில்லை என்று நினைக்கிறேன். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கியதில், 10 நாள் கழித்து இன்று 1.010. அதாவது 3.9 சதவீத ஆல்கஹால்.

650 கிராம் மால்ட் சாற்றுப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் சேர்த்தால் குறை ஈடாகும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஈஸ்ட் அடியில் படிந்துவிட்டது. அதுவே திரும்ப எழுமா, புதிது போடணுமா? ஊற்றும்போது காற்றுப் பட்டு ருசி கெடுமோ என்பதுதான் பெரிய பயம். வாசனை இப்போதே அருமை, பாழாக்க மனசில்லை. வெறும் சர்க்கரை வேண்டாம், சுவை நீர்த்துவிடும்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை பாட்டிலில் அடைக்கப் போவதில்லை.