மாதம் 30 பக்கம் அச்சிடும் வீட்டுக்கு எந்த இங்க்ஜெட் பிரிண்டர்?

வெண்தாள்:
ஐந்து ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருந்த கார்ட்ரிஜ் பிரிண்டர் போன வாரம் அச்சிட மறுத்துவிட்டது. பழுதுபார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவதே மேல் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் அச்சிடுவது குறைவு. பிள்ளைகளின் பாடத்தாள்கள், விண்ணப்பப் படிவங்கள், பயணச்சீட்டுகள் எல்லாம் சேர்ந்து மாதத்துக்கு 30 பக்கம் தேறும். பள்ளி விடுமுறையில் ஐந்தாறு வாரம் பிரிண்டர் பக்கமே யாரும் போவதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குடும்பப் படங்களை அச்சிட்டுச் சட்டம் போடுவோம். இப்போது எல்லாரும் பாட்டிலிலிருந்து மை ஊற்றும் டேங்க் பிரிண்டரைத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அதன் விலை சாதாரண கார்ட்ரிஜ் பிரிண்டரைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். இவ்வளவு குறைவாக அச்சிடும் வீட்டுக்கு அது தேவைதானா என்பதைக் காரணங்களோடு விளக்க வேண்டுகிறேன்.

மைக்குடம்:
தயங்காமல் டேங்க் பிரிண்டரை வாங்குங்கள். கார்ட்ரிஜ் பிரிண்டர் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், நிறுவனங்கள் தங்கள் லாபத்தைக் கார்ட்ரிஜில் வைத்திருப்பதுதான். இதைப் புரிந்துகொண்ட பலர் ஒரு காலத்தில் பிரிண்டரின் பக்கவாட்டில் புட்டிகளைக் கட்டி, மெல்லிய குழாய்கள் வழியே மையைத் தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் பரவியிருந்த இந்தோனேசியாவில்தான் எப்சன் 2010-இல் தன் முதல் டேங்க் பிரிண்டரை அறிமுகம் செய்தது; கேனன் 2015-இல் ஜி வரிசையோடு வந்தது; எச்பியும் பின்தொடர்ந்தது. சிறிய கார்ட்ரிஜ் ஒன்று 100 முதல் 200 பக்கம் வரை தாங்கும் என்றால், ஒரு பாட்டில் கறுப்பு மை 4,000 பக்கங்களுக்கு மேல் தாங்கும். முதலில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இரண்டாவது, மூன்றாவது கார்ட்ரிஜிலேயே திரும்பத் தொடங்கிவிடும்.

திருப்புளி:
பிரிண்டர் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் இதை மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதம் 30 பக்கம் என்றால் ஆண்டுக்கு 360 பக்கம். நிற மைப் பாட்டில்கள் 6,000 பக்கம் வரும் என்று வைத்துக்கொண்டால், அவற்றைத் தீர்க்க வெண்தாள் வீட்டாருக்கு 16 ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் பிரிண்டரின் உருளைகளும் பல்சக்கரங்களும் தேய்ந்துவிடும். பயன்படுத்தாத மைக்கு முன்பணம் கொடுப்பது சிக்கனம் ஆகாது.

பக்கத்துக்கு என்ன செலவு என்பதைக் கேட்பதற்கு முன்னால், ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையே எத்தனை நாள் ஆகிறது என்று கேட்க வேண்டும். இங்க்ஜெட்டில் மை நீராகத்தான் இருக்கிறது. மையைத் தாளில் தெளிக்கும் பகுதியான ஹெட்டில் உள்ள நாசில்கள், அதாவது மை வெளிவரும் துளைகள், தலைமுடியைவிட நுண்ணியவை. அவற்றிலிருந்து வரும் ஒரு துளி சில பிக்கோலிட்டர் மட்டுமே, அதாவது ஒரு லிட்டரை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்கு. அவ்வளவு சிறிய துளையின் வாயில் நீர் ஆவியாகி மை கெட்டிப்படுவதற்கு நெடுநாள் தேவையில்லை. என் மேசைக்கு வரும் டேங்க் பிரிண்டர்களில் நாசில் செக் என்ற சோதனைத் தாளை அச்சிட்டுப் பார்க்கும்போது, படிக்கட்டு போல வரிசையாக வர வேண்டிய கோடுகளில் நீலத்திலோ மஞ்சளிலோ பல் விழுந்தாற்போல் இடைவெளிகள் தெரியும். கருவியின் உரிமையாளரைக் கேட்டால், இரண்டு மாதமாக ஒன்றும் அச்சிடவில்லை என்பார். வெந்நீரில் நனைத்த துணியைப் பல மடிப்பாக மடித்து ஹெட்டின் அடியில் இரவு முழுவதும் வைத்து, காலையில் எடுத்தால் துணியில் மூன்று நிறப் பட்டைகள் பதிந்திருக்கும். நான்காவது நிறத்துக்கு உரிய இடம் வெளுத்தே கிடக்கும். அந்த ஒரு நிறத்துக்காக ஹெட் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றால், பல மாடல்களில் அந்தச் செலவுக்குப் புதுப் பிரிண்டரே வாங்கிவிடலாம்.

மலிவு விலைக் கார்ட்ரிஜ் பிரிண்டர்கள் பலவற்றில் ஹெட் கார்ட்ரிஜின் அடியிலேயே ஒட்டியிருக்கும். அடைத்துக்கொண்டால் கார்ட்ரிஜை மாற்றினால் போதும். புது மையோடு புது ஹெட்டும் வந்துவிடும். ஐந்தாறு வாரம் சும்மா கிடக்கும் பிரிண்டருக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

மைக்குடம்:
அந்தப் பாதுகாப்புக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கார்ட்ரிஜ் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாங்கள் சொல்லும் வகைப் பிரிண்டரில் மூன்று நிறங்களும் ஒரே கார்ட்ரிஜில் அடைபட்டிருக்கும். பிள்ளைகள் வரைபடங்களுக்காக நீலத்தைத் தீர்த்துவிட்டால், பாதிக்கு மேல் மிச்சமிருக்கும் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டும். பிரிண்டரோடு வரும் தொடக்கக் கார்ட்ரிஜில் மை குறைவாக இருப்பதும் வழக்கம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்ட்ரிஜ் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை ஐஎஸ்ஓ/ஐஇசி 24711 என்ற தரமுறைப்படி, ஏறத்தாழ இடைவிடாமல் அச்சிட்டு அளந்தது. வாரம் ஏழெட்டுப் பக்கம் அச்சிடும் வீட்டில் பிரிண்டர் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் தன் ஹெட்டைத் தானே கழுவிக்கொள்ளும். அந்த மை தாளுக்கு வராது. ஆகவே 120 பக்கம் என்று எழுதியிருக்கும் கார்ட்ரிஜ் எங்கள் வீட்டில் 70 பக்கத்தைத் தாண்டியதில்லை. பொறுப்போடு எழுதுகிறேன், மூன்று ஆண்டு அந்தக் கணக்கைக் குறித்து வைத்திருந்தேன். டேங்க் பிரிண்டரிலும் கழுவும் மை வீணாகத்தான் செய்கிறது. ஆனால் பாட்டில் மையின் விலைக்கு அந்த இழப்பு உறைப்பதில்லை. அடைப்பைத் தடுக்க, வாரம் ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரே ஒரு பக்கத்தை அச்சிட்டால் போதும்.

கரித்தூள்:
இருவரும் ஈர மைக்குள்ளேயே நின்று வாதிடுகிறீர்கள். பாதிக்கு மேல் கறுப்பு எழுத்து அச்சிடும் வீட்டுக்கு லேசர் பிரிண்டர் போதும். டோனர் உலர்ந்த தூள். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் முதல் பக்கமே தெளிவாக வரும். கழுவுதல் இல்லை, அடைப்பு இல்லை, தாள் நனைந்தாலும் எழுத்து கரையாது.

சட்டப்படம்:
படங்களும் வேண்டும் என்று கேட்பவரிடம் லேசரைச் சொல்வது பொருந்தாது. டோனரை ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் தாளில் உருக்கி ஒட்டுவதால், இங்க்ஜெட்டுக்கான பளபளப்புப் புகைப்படத் தாளை அதில் நுழைக்கவே கூடாது. தாளின் பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். கலர் லேசரில் முகத்தின் தோல் நிறம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

டேங்க் பிரிண்டரிலும் படத்துக்கு ஒரு நுட்பம் உண்டு. பல மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, மற்ற மூன்றும் டை மை. டை என்பது நீரில் கரைந்திருக்கும் நிறம்; பிக்மென்ட் என்பது நீரில் கரையாமல் மிதக்கும் நிறத்துகள். பிக்மென்ட் மையில் சாதாரணத் தாளில் எழுத்து கூர்மையாக நிற்கும், ஈரக்கை பட்டாலும் பரவாது. ஆனால் பளபளப்புத் தாளில் அது சரியாகப் படியாது என்பதால், படம் அச்சிடும்போது அத்தகைய பிரிண்டர் கறுப்பை விட்டுவிட்டு மூன்று நிறங்களைக் கலந்தே கருமையை உண்டாக்கும். பாட்டியின் கறுப்புப் பட்டுப்புடவையை அப்படி ஒரு பிரிண்டரில் அச்சிட்டுப் பார்த்தேன். மடிப்புகளின் நிழலெல்லாம் பழுப்பாக வந்து, புடவையின் நிறமே மாறிப் போயிருந்தது. நான்கு மையும் டை வகையாக உள்ள பிரிண்டரிலோ, ஆறு நிறப் புகைப்படப் பிரிண்டரிலோ இந்தக் குறை குறையும். ஆனால் டை மையில் அச்சிட்ட தாளில் நீர் பட்டால் எழுத்து கலங்கும், வெயில் படும் சுவரில் மாட்டிய படம் வெளுக்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்கள்தான் என்றால், அவற்றைப் புகைப்பட நிலையத்தில் அச்சிட்டுக்கொண்டு, எழுத்துக்கும் பாடத்துக்கும் ஏற்ற பிரிண்டரை வாங்குவதே என் யோசனை.

வெண்தாள்:
படங்களை வெளியே அச்சிட்டுக்கொள்கிறோம். அது நியாயமாகப் படுகிறது. பழைய பிரிண்டர் நின்றபோது, கழிவு மை உறிஞ்சும் பஞ்சு நிறைந்துவிட்டது என்று திரையில் செய்தி வந்தது. அவ்வளவு குறைவாக அச்சிட்ட எங்களுக்கு அது எப்படி நிறைந்தது என்பதுதான் விளங்கவில்லை.

திருப்புளி:
பிரிண்டரை எப்படி அணைப்பீர்கள்? அதன் சொந்தப் பொத்தானை அழுத்தியா, சுவர் சுவிட்சிலா?

வெண்தாள்:
சுவர் சுவிட்சில்தான். மின்சாரம் வீணாகக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் உடனே அணைத்துவிடுவோம்.

திருப்புளி:
காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சொந்தப் பொத்தானால் அணைத்தால் ஹெட் ஓரத்துக்குச் சென்று, ரப்பர் மூடியின்மேல் அமர்ந்துகொள்ளும். நாசில்களின் ஈரம் வெளியேறாது. சுவரில் அணைத்தால் ஹெட் நின்ற இடத்திலேயே திறந்தபடி கிடக்க நேரலாம். அடுத்த முறை மின்சாரம் வந்ததும், எவ்வளவு காலம் அணைந்திருந்தோம் என்பது தெரியாமல் பல பிரிண்டர்கள் முன்னெச்சரிக்கையாக ஒரு பெரிய கழுவலைச் செய்யும். அந்த மை முழுவதும் அடித்தட்டில் உள்ள பஞ்சுக்குப் போகும். நான் திறந்து பார்த்த சிலவற்றில் அந்தப் பஞ்சு ஈரச் சேறு போலக் கனத்து, விரலால் அழுத்தினால் கருநீலமாக ஊறி வழிந்தது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மையில் பெரும்பங்கு தாளைப் பார்க்காமலே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இவ்வளவு காலமும் கார்ட்ரிஜ் சீக்கிரம் தீர்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இதை முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கார்ட்ரிஜைப் பரிந்துரைத்தது என் அவசரம். இருந்தாலும் டேங்க் வாங்குவதாக இருந்தால் இரண்டு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்காதீர்கள். கழிவு மைப் பெட்டியை வீட்டிலேயே கழற்றி மாற்றக்கூடிய மாடலாக இருக்க வேண்டும். ஹெட்டையும் அப்படியே கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது. கேனன் ஜி வரிசையிலும் எச்பி ஸ்மார்ட் டேங்கிலும் ஹெட்டைப் பயனரே மாற்றக்கூடிய மாடல்கள் உண்டு. எப்சனில் அது பொதுவாக இயந்திரத்தோடு பிணைந்திருக்கும், ஆனால் அந்த பியேசோ வகை ஹெட் மையைச் சூடாக்காமல் அழுத்தித் தள்ளுவதால் நீடித்து உழைக்கும்.

கரித்தூள்:
வாரம் ஒரு பக்கம் அச்சிடுவது, சுவர் சுவிட்சைத் தொடாமல் இருப்பது என்று வீட்டார் எல்லாரும் ஒரு இயந்திரத்துக்குக் கட்டுப்பட வேண்டுமா என்பதை மறுபடியும் யோசியுங்கள். நான் லேசர் என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மைக்குடம்:
கறுப்பு லேசரில் பாடத்தாளின் வரைபடம் நிறமில்லாமல்தான் வரும். மை தீர்ந்துவிடுமோ என்ற அச்சம் ஒரு வீட்டில் குடியேறிவிட்டால், பிள்ளை கலரில் அச்சிடட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்ற பதில்தான் கிடைக்கும். எங்கள் வீட்டில் நான்கு ஆண்டு அப்படித்தான் நடந்தது. டேங்க் வாங்கிய பிறகு அந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை. 16 ஆண்டுக்கான மை வீண் என்று நண்பர் கணக்குப் போட்டார். அந்த மையின் பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வெண்தாள்:
போன மாதம் என் மகள் இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தை அச்சிட வந்தபோது, மை குறைவாக இருக்கிறது, சாம்பல் நிறத்திலேயே அச்சிட்டுக்கொள் என்று சொன்னேன். நல்ல இரத்தம் ஓடும் அறையும் கெட்ட இரத்தம் ஓடும் அறையும் ஒரே சாம்பலாக வந்தன. அவள் அவற்றின்மேல் சிவப்பு, நீலப் பென்சிலால் தீட்டிக்கொண்டு போனாள். மைக்குடம் எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஹெட்டையும் கழிவு மைப் பெட்டியையும் நாங்களே மாற்றக்கூடிய டேங்க் பிரிண்டரை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். விடுமுறையிலும் நாங்கள் வீட்டில்தான் இருப்போம் என்பதால், ஞாயிறுதோறும் ஒரு கலர்ப் பக்கம் அச்சிடும் பொறுப்பை மகளே ஏற்றுக்கொண்டாள். சுவர் சுவிட்சின்மேல் ஒரு சீட்டு ஒட்டியாகிவிட்டது. முதன்முறை மை ஊற்றும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

திருப்புளி:
சமமான மேசையில் வையுங்கள். சாய்ந்திருந்தால் மை மட்டம் தவறாகத் தெரியும், குழாயில் காற்றும் புகலாம். முதல் மையேற்றம் சில நிமிடங்கள் ஓடும். அந்த நேரத்தில் மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்களை நிரப்புவதற்கே கணிசமான மை செலவாகும் என்பதால், தொட்டியின் மட்டம் உடனே இறங்கினால் கவலைப்பட வேண்டாம். பிறகு வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லும்போது கவிழ்க்கவோ சாய்க்கவோ கூடாது. எல்லாம் முடிந்ததும் நாசில் செக் ஒன்றை அச்சிட்டு, தேதி எழுதி, கையேட்டுக்குள் மடித்து வையுங்கள். பின்னால் எந்த நிறமாவது மங்குவதாகத் தோன்றினால், புதிதாக ஒன்றை அச்சிட்டு அந்த முதல் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஹெட் கிளீனிங் பொத்தானை அழுத்த வேண்டும்; ஒரு முறை அழுத்தியும் சரியாகவில்லை என்றால் அடுத்தடுத்து அழுத்தாமல், சில மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.