வீட்டு குரூப்ல ஷேவர் பஞ்சாயத்து

நான்: சின்ன மாமா அந்த எலக்ட்ரிக் ஷேவர் எப்படி போகுது, வாங்கலாமா வேணாமா ஒரு வார்த்தை சொல்லுங்க. காலைல நுரை போட்டு பிளேடு புடிச்சு நிக்க எனக்கு பொறுமை போயிடுச்சு

சின்ன மாமா: ஒரு வார்த்தைல சொல்ற விஷயமா மாப்ள அது

சின்ன அத்தை: ஒரு வார்த்தை நான் சொல்றேன். வாஷ்பேசின்.

அக்கா: 😂😂😂

சின்ன மாமா: அவ கெடக்கா, நீ கேளு. வருஷக்கணக்கா பிளேடு போட்ட மூஞ்சிக்கு இது வேற ஆளு, அத முதல்ல மனசுல வச்சுக்க. பிளேடு போட்டுட்டு கன்னத்துல கைய வச்சா வழுக்கும்ல, அந்த வழவழப்பு இதுல வராது, அதுவும் குறைஞ்ச விலைல வாங்குன ஷேவர்ல வரவே வராது. பாக்க க்ளீனாத்தான் இருக்கும், தடவிப் பாத்தா சொரசொரன்னு லேசா தெரியும், சாயங்காலம் ஆச்சுன்னா தாடைல கருப்பு தட்டிடும். இது போதும்னு நெனைக்கிறவனுக்கு சுகமான சாமான், பிளேடு மாதிரியே வேணும்னு நிக்கிறவன் ஒரு வாரத்துல தூக்கி உள்ள போட்ருவான்

அண்ணன்: அது அந்த கம்பெனி குறை இல்ல மாமா, மெஷின் அமைப்பே அப்படி. பிளேடு நேரா தோல்ல உக்காருது. ஷேவர்ல தோலுக்கும் கத்திக்கும் நடுவுல பொடிப்பொடி ஓட்டை போட்ட தகடு ஒண்ணு இருக்கு, ஃபாயில்னு சொல்றது அதத்தான், ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கூட கனம் இருக்காது, ஆனாலும் அந்த கனத்துக்கு முடி மிஞ்சத்தானே செய்யும். ரெண்டு மூணு பிளேடு வச்ச ரேஸர் முடிய லேசா இழுத்துட்டு வெட்டுறதால வெட்டுன நுனி தோலுக்குள்ள போய் உக்காந்துக்கும், அதான் அந்த வழவழப்பு

தம்பி: அதனாலதான் எனக்கு கழுத்துல பொரிப்பொரியா வருதாண்ணா

அண்ணன்: ஆமாடா உனக்கு சுருட்ட முடி வேற. உள்ள போன நுனி திரும்ப வளரும்போது வெளிய வராம வளைஞ்சு தோல்லயே குத்திக்கும். கொஞ்சம் முடி மிஞ்சினாத்தான் உனக்கு நல்லது, ஷேவரோ ட்ரிம்மரோ போடு, அஞ்சு பிளேடு ரேஸர தூர வை

தம்பி: சின்ன மாமா உங்க ஷேவர ஒரு தடவ போட்டு பாக்கவா

அக்கா: டேய் கூடாது. ஷேவர், ரேஸர், பிளேடு எதுவும் ஆளுக்கு ஆளு மாத்தி போடக்கூடாது. கண்ணுக்கு தெரியாத கீறல்ல ரத்தம் ஒட்டியிருக்கும், ஹெப்படைட்டிஸ் பி, சி ரெண்டும் அப்படி பரவும். வீட்டு ஆளா இருந்தாலும் தான்

தம்பி: சரி சரி கேட்டேன் அவ்ளோதான்

சின்ன மாமா: தொட்டா கைய உடைப்பேன்

நான்: வெட்டு காயமாச்சும் இல்லாம இருக்கா மாமா

சின்ன மாமா: காயம் கிடையாது. எரிச்சல் இருக்கு. ஆரம்பத்துல யாருக்கும் இருக்கும், மூணு நாலு வாரம் தோல் பழகணும்னு டப்பாக்குள்ள வச்ச பேப்பர்லயே போட்ருக்கான். பிளேடு புடிச்ச கை இருக்கே அதுக்கு அமுக்கித்தான் பழக்கம், இதுல அமுக்குனா தகடு சூடாகும், தோல் செவக்கும், முடி மட்டும் அப்படியே நிக்கும். சும்மா தோல் மேல தவழ விடணும்

சின்ன மாமா: அப்புறம் ஈரம். பிளேடுக்கு முகம் நல்லா ஊறணும், குளிச்சுட்டு வந்து போட்டா வெண்ணெயா வழிச்சுட்டு போகும். இது நேர் எதிர். குளிக்கறதுக்கு முன்னாடி காஞ்ச மூஞ்சில போடு, குளிச்சாச்சுன்னா நல்லா தொடச்சுட்டு கொஞ்சம் ஆற விட்டு போடு. அரைகுறை ஈரம்தான் இதுக்கு எமன், வேர்வை இருந்தாலும் அதே கததான், தகடு நகராம தோல புடிச்சுக்கும். வேர்க்குற நேரத்துல துளி டால்கம் பவுடர் தடவிக்கிட்டா சறுக்கிட்டு போகுது

அண்ணன்: ஈரத்துல போடறதுக்குன்னே சில மாடல் வருது மாமா, நுரையோட கூட போடலாம். ஆனா டப்பால எழுதியிருந்தா மட்டும். ஐபிஎக்ஸ் 7ன்னு போட்டிருந்தா ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம் கெடந்தாலும் உள்ள தண்ணி போகாதுன்னு கணக்கு. அது இல்லாதத பைப்புல காட்டுனா அதோட போச்சு

சின்ன மாமா: என்னோடதுல தலைய மட்டும் கழட்டி கழுவலாம், உடம்புல தண்ணி படக்கூடாது

பெரிய மாமா: எல்லாருக்கும் வணக்கம். இப்பதான் பாத்தேன். நான் ஷேவருக்கு மாறினதே டாக்டர் சொல்லித்தான். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறேன்ல, சின்னதா ஒரு வெட்டு பட்டாலும் நிக்காம கசியும், அதனால பிளேட விட்டுடுங்கன்னுட்டார். வழவழப்பு கிழவழப்பெல்லாம் எனக்கு கணக்கே இல்ல, ரத்தம் வராம இருந்தா போதும்

நான்: உங்களோடது எந்த டைப் பெரிய மாமா, வட்டமா சுத்துறதா நேரா ஓடுறதா

பெரிய மாமா: நேரா ஓடுறது. தகடு டைப்

சின்ன மாமா: என்னோடது வட்டம், மூணு தல. எங்க அண்ணன் உன் பெரிய மாமாவும் நானும் இதுலயும் ஒத்துப்போகல பாரு

அண்ணன்: ரெண்டும் பழைய சாமான்தான். 1930கள் ஆரம்பத்துலயே அமெரிக்காவுல ஜேக்கப் ஷிக்னு ஒரு பட்டாளத்து ஆபீசர் எலக்ட்ரிக் ஷேவர விக்க ஆரம்பிச்சுட்டார். வட்டத் தல பிலிப்ஸ் 1939ல கொண்டாந்தது, தகடு போட்டு பிரான்ங்கற ஜெர்மன் கம்பெனி இறக்குனது 1950 வாக்குல. இன்னிக்கு விக்கிற குறைஞ்ச விலை மாடல் எல்லாம் இந்த ரெண்டுல ஒண்ணோட பேரப்புள்ளதான்

தம்பி: கூகுள் அண்ணன் வந்துட்டாரு

நான்: எனக்கு எது ஒத்து வரும்

சின்ன மாமா: நீ தினமும் ஷேவ் பண்றவனா

நான்: இல்ல மாமா ரெண்டு நாளைக்கு ஒருக்கா, சிலப்போ மூணு நாள் ஆயிடும்

சின்ன மாமா: அப்ப வட்டம். தகடு டைப் தினசரி ஆளுக்கு, குட்டி முடிய நறுக்குன்னு எடுக்கும், முடி நீளமாயிட்டா ஓட்டைக்குள்ள நுழையாம படுத்துக்கும். வட்டத்துல கொஞ்சம் நீள முடியும் உள்ள போகும், சுத்தி சுத்தி வளர்ற தாடிக்கும் அது தேவல. ஆனா மூணு நாள் தாடின்னா எதுவா இருந்தாலும் முதல்ல ட்ரிம்மர ஓட்டிட்டுத்தான் ஷேவர், நேரா வச்சேன்னா வெட்டாம பிடுங்கும். பின்னாடி மடக்கு ட்ரிம்மர் இருக்குறதா பாத்து வாங்கு, கிருதாவுக்கும் மீசை ஓரத்துக்கும் கூட அது வேணும். மெயின் தலைய வச்சு மீசை ஓரம் எடுக்கப் போனா ஒரு பக்கம் சின்னதாயிட்டே போகும்

சின்ன அத்தை: போன மாசம் பாத்தோமே

சின்ன மாமா: 🙄

அக்கா: அய்யோ அந்த கல்யாண போட்டோ அதானா அத்தை 😂

நான்: கழுத்துக்கு எப்படி மாமா. எனக்கு கீழ்க்கழுத்துல முடி படுத்து வளரும்

சின்ன மாமா: அங்கதான் மாப்ள இந்த மெஷினோட சாயம் வெளுக்கும். கன்னம் மோவாய் எல்லாம் ரெண்டு நிமிஷம், மிச்ச நேரம் பூரா கழுத்துதான். எனக்கு தொண்டை முடிச்சுக்கு எடது பக்கம், தாடை எலும்பு திரும்புற எடத்துக்கு கீழ, ஒரு கொத்து முடி காதப் பாத்து படுத்து வளருது. அண்ணாந்து பாத்துக்கிட்டு எடது கையால தோல கீழ இழுத்துப் புடிச்சு, முடி வளர்ற திசைக்கு எதிரா கொண்டு போகணும். உள்ள முடி மாட்டுனா சத்தம் மாறும் பாரு, கரகரன்னு வரும், வெட்ட ஒண்ணும் இல்லன்னா வெறும் ர்ர்ர்னு ஓடும், காது வச்சே கண்டுபுடிக்கலாம், கண்ணாடி கூட வேணாம். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு முடி படுத்தே கெடக்கும், விரல்ல தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. அத விடணும். விடாம அதே எடத்துல பத்து தடவ ஓட்டுனா முடி போகாது, தோல் தக்காளியாயிடும்

அண்ணன்: மூணு நாலு தடவைக்கு மேல அதே எடத்துல ஓட்டறது வேஸ்ட்டு

சின்ன மாமா: அதான். நான் இப்ப விட்டுடறேன், ஞாயித்துக்கிழமை பிளேடு எடுத்து ஒரேடியா கணக்க முடிச்சுடுவேன்

அண்ணன்: பழகுற நாள்ல நடுவுல பிளேடு போடாதீங்கன்னு கம்பெனிக்காரனே சொல்றான் மாமா, திரும்பத் திரும்ப தோல் முதல்ல இருந்து பழகணும்

சின்ன மாமா: பழகுற வரைக்கும் சரி, நானும் அத்தன வாரம் பிளேட தொடல. அதுக்கப்புறம் எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன். நுரைய பிரஷ்ல கலக்கி, சுடுதண்ணி துண்ட மூஞ்சில போட்டு, அந்த அரை மணி நேரம் எனக்கே எனக்குன்னு இருக்கு. அவசரத்துக்கு மெஷின், ஆசைக்கு பிளேடு. ரெண்டும் இருந்துட்டு போகட்டுமே

சின்ன அத்தை: அந்த அரை மணி நேரம் பாத்ரூம் கதவ யாரும் தட்டக்கூடாது

பெரிய மாமா: உனக்கென்னப்பா வசதி, எனக்கு அந்த ஆசை கூட கெடையாது

நான்: க்ளீனிங் கஷ்டமா மாமா. பேட்டரி எவ்ளோ நாள் வரும்

சின்ன மாமா: க்ளீனிங்க தள்ளிப் போட்டேன்னா மெஷினே உன்ன கேவலப்படுத்தும். தலைய தெறந்தா உள்ள பென்சில் சீவுன தூள் மாதிரி இருக்கும், எனக்கு பாதி கருப்பு பாதி வெள்ளை, வயசு தெரியுது. தூள் சேந்தா கத்தி இழுத்துக்கிட்டு சுத்தும், தோல் எண்ணெயும் சேந்து வாடை வேற அடிக்கும்

சின்ன அத்தை: அத எங்க தட்டுவார்னு கேளு

சின்ன மாமா: பேப்பர் மேலதான் தட்டறேன் இப்பல்லாம்

அண்ணன்: வட்டத் தலைல ஒண்ணு கவனிக்கணும். ஒவ்வொரு கத்தியும் அதோட மூடியோட தேஞ்சு தேஞ்சு ஜோடி சேந்திருக்கும். மூணையும் ஒண்ணா கழட்டி போட்டு மாத்தி மாட்டுனா திரும்ப கூர்மை வர நாள் புடிக்கும், ஒவ்வொண்ணா கழட்டி க்ளீன் பண்ணி மாட்டுங்க. தகடு டைப்ல தகட்டு மேல பிரஷ் படவே கூடாது, ஊதணும், இல்ல பூப்போல தட்டணும், அவ்ளோ மெலிசு அது. சோப்பு தண்ணில கழுவுனா காஞ்சதுக்கப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு ஓட விடணும், சோப்பு எண்ணெய்ய எடுத்துடுதுல்ல

சின்ன மாமா: பேட்டரிக்கு வர்றேன். டப்பால நாப்பத்தஞ்சு நிமிஷம் ஓடும்னு போட்ருப்பான். ஓடும், ஆனா கடைசி பத்து நிமிஷம் ஓடறது ஓட்டமே இல்ல. சார்ஜ் எறங்க எறங்க மோட்டார் மந்தமாயிடும், வெட்டாம முடியப் புடிச்சு இழுக்கும், மேலுதட்டுல இழுத்துச்சுன்னா கண்ணுல தண்ணி வந்துரும். விலை கூடுன மாடல்ல கடைசி வரைக்கும் ஒரே வேகத்துல ஓடுமாம். நமக்கு அது இல்ல, அதனால சத்தம் கம்முதுன்னு தெரிஞ்சாலே சார்ஜ்ல போட்டுடு

அண்ணன்: பழைய நிக்கல் பேட்டரின்னா எட்டு மணி நேரம் சார்ஜ் கேக்கும், லித்தியம்னா சீக்கிரம் ஏறிடும், டப்பால என்ன போட்டிருக்குன்னு பாரு. சார்ஜ்ல இருக்கும்போது ஓடாத மாடல் நிறைய உண்டு, பாதி மூஞ்சில நின்னா பாதி மூஞ்சியோடதான் ஆபீஸ் போகணும்

தம்பி: அத போட்டோ எடுத்து குரூப்ல போடணும் 🤣

பெரிய மாமா: நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என் ஷேவர் நாலஞ்சு வருஷம் ஆச்சு. கொஞ்ச நாளா வலது கன்னத்துல மட்டும் சுருக்குன்னு குத்துது. சார்ஜ் புல்லாத்தான் இருக்கு, எண்ணெயும் விட்டேன்

அண்ணன்: தகடு மாத்திருக்கீங்களா மாமா

பெரிய மாமா: வாங்குனதுல இருந்து அதேதான்

அண்ணன்: ஒண்ணரை ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தகடும் கத்தியும் மாத்தணும் மாமா. இப்ப மெஷின ஆஃப் பண்ணிட்டு தகட்ட தனியா கழட்டி லைட்டுக்கு நேரா புடிச்சு பாருங்க. ஓட்டையெல்லாம் ஒரே மாதிரி தெரியணும். எங்கயாச்சும் பெருசா வெளிச்சம் வந்தா கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம்

அக்கா: விரல வச்சு தடவாதீங்க மாமா

பெரிய மாமா: இரு பாக்கறேன்

நான்: சின்ன மாமா உங்க மாடலுக்கு தலை தனியா கெடைக்குதா

சின்ன மாமா: அதான் நான் வாங்குனதுக்கு அப்புறம் தேடிக்கிட்டு இருக்கேன். விலை கம்மி மெஷின்ல தொல்லையே அங்கதான். சிலதுக்கு ஸ்பேரே வராது, வந்தாலும் புது மெஷின் விலைக்கு பக்கத்துல நிக்கும். நீ முதல்ல ஸ்பேர் தலை கெடைக்குதான்னு பாரு, அப்புறம் மெஷினப் பாரு. மெஷினுக்கு ஆயிரம் பேர் ரிவ்யூ எழுதறான், ஸ்பேருக்கு ஒருத்தனும் எழுதறதில்ல

பெரிய மாமா: 📷 போட்டோ

பெரிய மாமா: ஓரத்துல ஒரு எடத்துல வெளிச்சம் நீட்டா வருது. வட்டம் போட்டு காட்டியிருக்கேன்

அண்ணன்: கிழிஞ்சிருச்சு மாமா. அந்த கிழிசல் வழியா தோல் உள்ள போச்சுன்னா கத்தி நேரா தோலத்தான் வெட்டும். நாளைக்கு அத போடாதீங்க

அக்கா: மாத்திரை வேற போடறீங்க. புதுத் தகடு வர்ற வரைக்கும் தாடியோட இருங்க பெரிய மாமா, ட்ரிம்மர் இருந்தா அத லேசா ஓட்டிக்கோங்க, பிளேட மட்டும் கையில எடுத்துடாதீங்க

பெரிய மாமா: எடுக்கல எடுக்கல

சின்ன மாமா: அண்ணே மாடல் நம்பர் அனுப்புங்க, இன்னிக்கே தேடறேன். மெஷினுக்கு அடில இருக்கும், இல்ல தகட்டு பிரேம்க்கு உள்பக்கம் பொடி எழுத்துல போட்டிருப்பான்

பெரிய மாமா: அடில எழுத்து அழிஞ்சு போச்சுப்பா, கை பட்டு பட்டு. பிரேம்ல ஏதோ இருக்கு, 3க்கு அப்புறம் 1ஆ 7ஆன்னு தெரியல. கண்ணாடி போட்டுட்டு பாத்து சொல்றேன்