புதுப்பிப்பு: தெருக்காரர்கள் போடும் திட்டம், நிலம் யார் கையில்?

நலிந்துபோன குடியிருப்பை மீட்க அங்கே வசிப்பவர்களே திட்டம் போட வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். "வரைபடம் போடலாம், நிலம் யார் தருவார்?" என்று கேட்டிருந்தீர்கள். சரியான கேள்வி, நான்தான் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டட்லி தெருவைப் பாருங்கள். வீடுகள் எரிந்து காலியான மனைகளில் வெளியாட்கள் லாரி லாரியாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த இடம். 1984-இல் இந்தப் பகுதியை மீட்க ஓர் அமைப்பு தொடங்கியபோது நிர்வாகக் குழுவில் குடியிருப்போருக்குக் கிடைக்கவிருந்தது சொற்ப இடங்கள்தான். கூட்டத்திலேயே எழுந்து சண்டை போட்டுப் பெரும்பான்மையை வாங்கினார்கள். (இந்தச் சண்டை நடக்காத இடங்களில் 'மக்கள் பங்கேற்பு' என்பது வெறும் கையெழுத்துத் தாள்.) அப்புறம் முதல் வேலையாகக் குப்பையை நிறுத்தப் போராடினார்கள், திட்டமெல்லாம் பிறகுதான். 1988-இல் காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகராட்சியிடமிருந்து பெற்றார்கள்.

அந்த நிலம் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. வீடு உங்களுடையது, மண் பொதுவில். விற்கும்போது விலைக்கு உச்சவரம்பு உண்டு, அதனால் ஏரியா நன்றானதும் பழைய ஆட்களே விலை கட்டுப்படியாகாமல் வெளியேறும் கூத்து குறைகிறது. உச்சவரம்பு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை அடுத்து எழுதுகிறேன்.