புதுப்பிப்பு: அம்பத்தூர் நீராவி லைனில் வால்வு மாற்றியாயிற்று

அம்பத்தூர் பட்டறையில் 7 பார் அழுத்த நீராவி லைனின் கேட் வால்வு (தகடு இறங்கி வழியை அடைக்கும் வகை) மூடினாலும் கசிகிறது, பதிலுக்கு எதைப் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? கழற்றிப் பார்த்தோம். சீட்டின் (தகடு வந்து பொருந்தும் வளையம்) அடிப்பக்கத்தில் ஆணியால் கீறியது போல மெல்லிய பள்ளம். பழைய ஆபரேட்டர் பாதி திறந்தே ஓட்டியிருக்கிறார்; அந்த இடுக்கில் வேகமாகப் பாயும் நீராவி சீட்டை அரித்துவிடும். கேட் வால்வு முழுதாகத் திறக்கவோ மூடவோ மட்டும்தான்.

பதிலுக்குப் பால் வால்வு (துளையிட்ட உருண்டை சுழன்று திறக்கும் வகை) போடச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் அந்த அழுத்தத்தில் நீராவி சுமார் 170 டிகிரி செல்சியஸ். பால் வால்வில் வரும் சாதாரண டெஃப்லான் (ஒருவகை பிளாஸ்டிக்) சீட்டின் தாங்குதிறன் அந்தச் சூட்டில் வெகுவாகக் குறையும். கடைசியில் பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் வார்ப்பு எஃகு குளோப் வால்வு (பாதி திறந்து ஓட்டவும் ஏற்ற வகை) வாங்கினோம். அழுத்த இழப்பு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. வால்வு மேல் ஓட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். எங்கள் ஃபிட்டர் அவசரத்தில் திருப்பிப் போடப் பார்த்தார்! அப்புறம், வால்வுக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரெய்னரும் (துரு, தூசியைப் பிடிக்கும் வடிகட்டி) வைத்தாயிற்று. இப்போது கசிவில்லை.