மறு: ஆர்க்கைவுக்குக் ‘காப்பகம்’ சரிவருமா?

வணக்கம். பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டவும் அதன் அளவைக் குறைக்கவும் நாம் எழுதும் நிரலகத்துக்கு (லைப்ரரிக்கு) எந்தத் தமிழ்ச் சொற்களை வைப்பது என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இது.

> ஆர்க்கைவ் = காப்பகம், கம்ப்ரஸ் = சுருக்கு, என்ட்ரி = பதிவு. இவற்றையே முடிவாக வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு உடன்பாடில்லை. காப்பகம் என்றதும் இங்கே கும்பகோணத்தில் முதியோர் காப்பகமும் குழந்தைகள் காப்பகமும்தான் நினைவுக்கு வரும். ஆவணக் காப்பகம் என்றாலும் அது ஒரு கட்டடம். நாம் பேசுவதோ கட்டி இன்னொருவருக்கு அனுப்பிவிடுகிற ஒற்றைக் கோப்பு. அதற்குச் ‘சிப்பம்’ இருக்கிறதே. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் சிப்பம், கடையில் 25 கிலோ அரிசிச் சிப்பம். டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேக்கேஜுக்குப் ‘பொதி’யை விட்டுவிடுவோம்.

‘சுருக்கு’தான் பெரிய சிக்கல். கதைச்சுருக்கம் என்றால் எதையோ விட்டிருக்கிறார்கள் என்று பொருள். கோப்பின் அளவைக் குறைக்கும் நிரலான ஜிஸிப் (gzip) ஒரு பைட்டையும் விடாது. ஆகவே ‘இறுக்கு’, திரும்பப் பெற ‘தளர்த்து’.

இன்னொன்று. கட்டுவது வேறு, இறுக்குவது வேறு. 1979-இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்த டார் (tar) கட்ட மட்டுமே செய்யும்: ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், அளவு முதலியவை கொண்ட 512 பைட் தலைப்பு, பின்னால் உள்ளடக்கம், அவ்வளவுதான். அதை ஜிஸிப் மொத்தமாக இறுக்குகிறது. ஸிப் (zip) இரண்டையும் தானே செய்கிறது, ஆனால் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக இறுக்கும். இவ்வகைக் கோப்புகளைக் கையாளும் நிரலகமான லிப்ஆர்க்கைவில் (libarchive) கட்டும் வடிவத்தையும் இறுக்கும் வடிப்பியையும் (ஃபில்டர்) தனித்தனியே பிரித்துவைத்திருப்பது இதனால்தான். நம் இடைமுகத்திலும் சிப்ப வடிவம் ஒரு அளபுரு (பாராமீட்டர்), இறுக்குமுறை இன்னொரு அளபுருவாக இருக்கட்டும். ‘சுருக்கக் கோப்பு’ என்று ஒரே பெயரில் இரண்டையும் அடைத்தால் இந்தப் பிரிவு நிரல் எழுதுபவர் கண்ணிலேயே படாது.

> சென்ட்ரல் டைரக்டரி = மையப் பட்டியல்

ஸிப்புக்குள் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் இது. பெயரில்தான் மையம், அது இருப்பதோ ஸிப் கோப்பின் கடைசியில்! ‘உள்ளடக்கப் பட்டியல்’ போதும். அது இருப்பதால் ஸிப்பில் வேண்டிய உருப்படிக்கு (என்ட்ரி, அதாவது உள்ளே இருக்கும் ஒரு கோப்பு) நேரே தாவலாம். ஜிஸிப்பால் இறுக்கிய டாரில் அந்த வசதி கிடையாது, முதலிலிருந்து தளர்த்திக்கொண்டே போக வேண்டும். அதனால் எல்லா வடிவத்துக்கும் பொதுவாக அடுத்த_உருப்படி() மட்டும் இருக்கட்டும். உருப்படியைத்_தேடு() பட்டியல் உள்ள வடிவங்களுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் அதைக் கொடுத்தால், டார் சிப்பத்தில் யாராவது ஒரு சுழற்சிக்குள் அதை அழைப்பார், அப்புறம் நிரல் ஏன் ஊர்கிறது என்று நம்மிடமே கேட்பார். (என்ட்ரிக்குப் ‘பதிவு’ வேண்டாம், தரவுத்தளக்காரர்கள் அதை ரெக்கார்டுக்கு எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.)

எழுதும் பக்கத்தில் டாருக்கு ஒரு நிபந்தனை: தலைப்பிலேயே அளவு வருவதால், உருப்படியைச் சேர்க்கும்போதே அளவைக் கேட்டு வாங்க வேண்டும்.

சிப்பத்திலிருந்து கோப்புகளை வெளியே எடுக்கும் எக்ஸ்ட்ராக்டுக்குப் ‘பிரி’ என்பேன். ஆனால் பிரி() எந்த அடைவில் (ஃபோல்டரில்) பிரிக்கிறது என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். உருப்படியின் பெயரில் ‘../’ (ஒரு படி மேலே உள்ள அடைவு என்று பொருள்) வந்து அடைவுக்கு வெளியே போனால் மறுக்க வேண்டும். இதை விருப்பத்தேர்வாக வைக்காதீர்கள்.

ஃபில்டருக்கு வடிப்பியா வடிகட்டியா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மற்றவர்கள் சொல்லுங்கள்.