புது நாட்டுக்கு முதல்ல பட்டாளமா, சோறா?

ஓசூர்_தம்பி: சுதந்திரம் வாங்குன நாடு முதல்ல எல்லைய காப்பாத்தணும், மத்தது எல்லாம் அப்புறந்தான். சிங்கப்பூர் 1965ல தனியா வந்துச்சு, 1967லயே பசங்கள கட்டாயமா பட்டாளத்துல சேக்க சட்டம் போட்டுட்டாங்க, அடுத்த வருசமே பிரிட்டிஷ்காரன் படைய எடுத்துட்டு கெளம்புறேன்னு சொல்லிட்டான், அப்ப ரெடியா இல்லாட்டி என்ன ஆயிருக்கும்?

பாலக்கோடு_வாத்தியார்: பாதிதான் சொல்றீங்க தம்பி. அவங்களுக்கு பட்டாளம் அளவுக்கு தண்ணியும் பயம், ஜோகூர்ல இருந்து குழாய்ல வரணும். அதனாலதான் 1961, 1962 தண்ணி ஒப்பந்தம் ரெண்டையும் மலேசியாவ விட்டு பிரியுற ஒப்பந்தத்துலயே உறுதி பண்ணி வாங்குனாங்க. மொரீஷியஸ் 1968ல விடுதலை ஆன நாடு, இன்னைக்கும் தனி ராணுவம் கெடயாது, போலீஸ்தான் எல்லாம்.

ஓசூர்_தம்பி: மொரீஷியஸ சுத்தி கடல் சார். நமக்கு மூணு மாசம் கூட முடியல, 1947 அக்டோபர்ல காஷ்மீருக்கு ஏரோப்ளேன்ல படை அனுப்ப வேண்டியதாச்சு.

பாலக்கோடு_வாத்தியார்: சரி, 1965 பாகிஸ்தான் சண்டைக்கு வாங்க. துப்பாக்கி இருந்துச்சு, கோதுமை அமெரிக்கா கப்பல்ல வரணும், அந்த நாட்டு ஜனாதிபதி ஜான்சன் கொஞ்சங்கொஞ்சமா அளந்து விட்டாரு. அடுத்த நாட்டுக்காரன் நம்ம அடுப்புல கை வெச்சா அது பாதுகாப்பு பிரச்சினை இல்லாம வேற என்ன? அப்ப உணவு மந்திரியா இருந்த சி.சுப்பிரமணியம் 1966ல அதிகமா வெளையுற மெக்சிகோ விதை கோதுமை 18,000 டன் இறக்குனது என்னைக் கேட்டா பட்டாளத்துக்கு ஆள் எடுத்த மாதிரிதான்.

அரூர்_அக்கா: ரெண்டு பேருமே வெளியாளப் பத்திதான் பேசுறீங்க, சொந்த ஜனத்துக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கல. நம்ம நாட்டுலயே 1950ல தடுப்புக்காவல் சட்டம், விசாரணையே இல்லாம உள்ள வைக்கலாம். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் சென்னை மாகாண ஜெயில்ல இருந்துதான் அத எதிர்த்து கேஸ் போட்டாரு. ஒரு வருசத்துக்குன்னு வந்த சட்டத்த 1951ல நீட்டிச்சது உள்துறை மந்திரியா இருந்த நம்ம தொரப்பள்ளி ராஜாஜி. கானாவுல 1958ல இதே மாதிரி சட்டம், அந்த நாட்டு தலைவர் என்குருமாவோட முன்னாடி ஒரே கட்சியில இருந்த டான்குவா 1965ல ஜெயில்லயே செத்துட்டாரு, மறு வருசம் ராணுவமே என்குருமாவ கவுத்துருச்சு. ஆட்சிக்கு வந்த பயத்த நாட்டுக்கு வந்த ஆபத்துன்னு எழுதி வெச்சா அப்படித்தான் ஆகும்.

ஓசூர்_தம்பி: அக்கா, 1950ல தெலங்கானாவுல கம்யூனிஸ்ட்காரங்க ஆயுதப் போராட்டம் நடந்துட்டு இருந்துச்சு, ஐதராபாத் இந்தியாவோட சேர்ந்தே ரெண்டு வருசம் ஆகல. அந்த நேரத்துல ஆட்சியில இருக்கறவங்க கைய கட்டிட்டு இருக்க முடியுமா?

அரூர்_அக்கா: தெலங்கானா போராட்டத்த 1951 அக்டோபர்லயே நிறுத்திட்டாங்க. சட்டம் 1969 முடியற வரைக்கும் ஓடுச்சு. நடுவுல இருந்த பதினெட்டு வருசம் யாருக்கு பயந்து தம்பி?